கொம்பையாவின் பதினொரு வரி ஸ்கிரிப்ட்

கோவில்பட்டி வட்டாரத்தில் புளுகுகிறவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர், சலூனில் ஒருத்தர் என்று ஆளுக்கு ஓர் இடம் பிடித்து அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களெல்லாம் வேலைவெட்டி இல்லாத நேரத்தில் புளுகுகிறவர்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதுவும் அந்த வேலையைப் பற்றியே, கூச்சமில்லாமல் புளுகத் தெரிந்தவர் வீடியோ எடிட்டர் கொம்பையா ஒருவர்தான். அந்த ஆவணி முகூர்த்த நாளில் அவர் அளந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டவள் பேச்சியம்மாள். அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நானாகச் சேர்த்தது கொஞ்சம்தான், அதையும் எங்கே என்று சொல்லமாட்டேன்.

பேச்சியம்மாள் அதே ஸ்டூடியோவில் கேமரா எடுப்பவள். அன்றைக்கு ஒரே நாளில் மூன்று கல்யாணம். இருந்த மெமரி கார்டுகளை முதலாளி சீட்டுக்கட்டுப் பிரிப்பதுபோல மூன்று பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பேச்சியின் பங்குக்கு வந்தது நாலு. காலையில் மாப்பிள்ளை அழைப்பு, தாலிகட்டு, பந்தி என்று நாலும் கழுத்துவரை நிரம்பிவிட்டன. சாயங்காலம் ஆறு மணிக்கு அதே மண்டபத்தில் வரவேற்பு. அதற்குள் கார்டில் உள்ளதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுக் கார்டை அழித்துக் காலியாக்க வேண்டும். ஏற்றுவது கொம்பையாவின் பொறுப்பு. அழிப்பது பேச்சியின் பொறுப்பு. கேமரா யார் கையிலோ அவர்தான் அழிக்கவேண்டும் என்பது அந்த ஸ்டூடியோவின் சட்டம். தப்பு நடந்தால் யாரைத் திட்டுவது என்று முதலாளி தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.

தப்பு ஒரு தடவை நடந்தும் இருக்கிறது. போன தை மாதம் கழுகுமலைக் கல்யாணத்தில் திரையில் நூறு சதவீதம் என்று வந்ததை நம்பிப் பேச்சி கார்டை அழித்துவிட்டாள். ஊருக்கு வந்து பார்த்தால் தாலிகட்டு ஃபைல் கெட்டிமேளம் வரைக்கும் ஓடி அப்படியே நின்றுபோனது. பெண்ணுடைய அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "அந்த ஒரு நிமிஷம் மட்டும் எங்கம்மா போச்சு?" என்று கேட்டுவிட்டு நின்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பேச்சி தாங்கியிருப்பாள். அன்றைக்கு அழுதுவிட்டாள். முதலாளி ஒரே வார்த்தையில் முடித்தார்: "இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா, கேமராவ கீழ வச்சிட்டு போட்டோவுக்கு பிரேம் போடுத மேசைக்குப் போயிரு." எட்டு வருஷம் லைட் பிடித்து, வயர் சுருட்டி, கெஞ்சிக் கேட்டு வாங்கிய கேமரா அது.

அதற்குப் பிறகுதான் முதலாளி கொம்பையாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். எவ்வளவு பெரிய ஃபைலாக இருந்தாலும் சிந்தாமல் சிதறாமல் ஏற்றிவிடும் ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, தன் கையாலேயே பைத்தான் மொழியில் எழுதி வைத்திருப்பதாகக் கொம்பையா சொல்லியிருந்தார். வந்து ஒரு மாதம் ஆகிறது. பேச்சியோடு அவர் சேர்ந்து போன முதல் கல்யாணம் இதுதான்.

மண்டபத்துச் சாமான் அறையில் கடை போட்டார்கள். ஒரு பக்கம் அடுக்கிய நாற்காலி, ஒரு பக்கம் வாழைக்காய்க் குலை. நடுவில் மேசைமேல் லேப்டாப், அதோடு இணைத்த, நாலு கார்டும் ஒன்றாகக் கொள்ளும் கார்டு ரீடர், டிஸ்க். வரவேற்புக்கும் வாசித்துவிட்டுப் போகச் சொன்னதால் தவில்காரர் நமச்சிவாயம் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஜெனரேட்டர் ஓட்டுகிற இசக்கி கரண்ட் போகும்வரை வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கொம்பையாவுக்கு வேறென்ன வேண்டும்? மணி இரண்டு. பட்டனைத் தட்டினார். டிஸ்க்கின் நீல விளக்கு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

"பதினொரு வரி. வெறும் பதினொரு வரி" என்று ஆரம்பித்தார் கொம்பையா. "இத வச்சித்தான் சிவகாசியில ஒரு காலண்டர் ஆபீசயே காப்பாத்துனேன்."

"அதென்ன வே, ஆபீசு தீப்பிடிச்சிட்டோ?" என்றார் தவில்காரர் கண்ணைத் திறக்காமல்.

"அதுக்கும் மேல. ஒரே ஒரு முருகன் படம் அண்ணாச்சி. எம்புட்டு பெரிய ஃபைலுங்கீங்க? அதோட சைசு எவ்வளவுன்னு காட்டவே கம்ப்யூட்டருக்கு ஆடி ஒண்ணுலருந்து ஆடிப்பெருக்கு வரைக்கும் ஆச்சு. மயிலோட ஒரு தோகையப் பெருசாக்கிப் பாத்தா, அந்தக் கண்ணுக்குள்ள ஒரு வேப்பமரம், அந்த மரத்துல ஒரு எறும்பு, அந்த எறும்பு வாயில ஒரு அரிசி தெரியும். காப்பி பண்ணப் போன கம்ப்யூட்டர் அத்தனையும் மூச்சுத் திணறிப் படுத்துட்டு. நான் போனேன். ஏன் படுக்குதுன்னு பாத்தேன். எல்லாப் பயலும் ஃபைல மொத்தமா தூக்கி விழுங்கச் சொல்லுதான். சோத்த எப்படி அண்ணாச்சி திங்கோம்? கவளம் கவளமாத்தான? என் ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான். ஒரு கவளம் எடுக்கும், வைக்கும், அடுத்த கவளம். முருகன் மொத்தமும் ஒரு பென்டிரைவ்ல இறங்கிட்டாரு. சட்டைப் பையில போட்டேன். பாரம் தாங்காம பை கிழிஞ்சி பென்டிரைவு கால்ல விழுந்து, பெருவிரல் நகம் போச்சு."

நகத்தைக் காட்டினார். நகம் நன்றாகத்தான் இருந்தது. வளர்ந்துவிட்டதாம்.

பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கவளக் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. புளுகுகிறவர்களிடம் இதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிட்டுப் போகலாம், நடுவே கைப்பிடி உண்மையைப் போட்டுப் பிசைந்து தருவார்கள். அவள் திரையைப் பார்த்தாள். நாற்பது சதவீதம். மூணாவது கார்டில்தான் தாலிகட்டு இருந்தது.

"நடுவுல கரண்ட் போனா?" என்று கேட்டார் இசக்கி. அவருக்கு அவர் தொழில் கவலை.

"நல்லா கேட்டீரு. கயத்தாறுல ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேன் படம் பூராத்தையும் மாத்தணும். நாப்பத்தியொரு சதவீதத்துல கரண்ட் போச்சு. ஊரே இருட்டு. மத்த ஸ்கிரிப்ட்டா இருந்தா முதல்லருந்து அழுதுக்கிட்டே தொடங்கும். நம்மது விட்ட இடத்த ஞாபகம் வச்சிருக்கும். ஆனா வேய், விட்டாத்தான ஞாபகம் வைக்கணும்? அது விடவே இல்ல. கரண்ட் வந்து பாத்தா நாப்பத்தி மூணு! போன வேகத்துலயே ரெண்டு சதவீதம் ஓடியிருக்கு."

"ஜெனரேட்டர் இல்லாமலயா?"

"ஜெனரேட்டர் இல்லாம, பேட்டரி இல்லாம."

இசக்கி முகம் சுருங்கிப்போயிற்று. பொய் சொன்னால் அவர் பொறுத்துக்கொள்வார். தொழிலில் கைவைத்தால் பொறுக்கமாட்டார். "அப்ப எங்கள மாதிரி ஆளு எதுக்கு, சும்மாவா?" என்று முணுமுணுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கொம்பையா அதைக் கவனிக்கவில்லை. கைகள் இரண்டையும் விரித்தார். இனிமேல் அறை பத்தாது என்று பேச்சிக்குப் புரிந்தது.

"தூத்துக்குடி கதைய நான் யார்ட்டயும் சொன்னதில்ல. ஹார்பர்லருந்து கயத்தாறுக்கு ஒரு ஃபைலு அனுப்பணும். வயர் வழியா. எவ்வளவு நீளம்ங்கீங்க? தலை கயத்தாறு வந்து சேந்துட்டு, வால் இன்னும் தூத்துக்குடிய விட்டுக் கிளம்பல. வயரெல்லாம் சாரப்பாம்பு எலிய விழுங்குன மாதிரி புடைச்சி நிக்கி. உக்காந்திருந்த காக்கா பூரா காலை அகட்டி வச்சி உக்காந்திருக்கு, நான் கண்ணால பாத்தேன். எல்லாம் வந்து சேந்துட்டு. எண்ணிப் பாக்கேன், ஒரு எழுத்து குறையுது! ஒரே ஒரு எழுத்து. வேற எவனா இருந்தாலும் போகட்டும்னு விட்டுருப்பான்."

"நீரு?" என்றார் தவில்காரர்.

"ஸ்கிரிப்ட்ட திருப்பி அனுப்புனேன். வந்த வழியே தேடிக்கிட்டே போச்சு. எட்டயபுரம் தாண்டி ஒரு பனைமரத்தடியில கிடந்திருக்கு, வெயில்ல கருகி. எடுத்துட்டு வந்து, துடைச்சி, எந்த இடத்துல விழுந்துச்சோ அந்த இடத்துலயே செருகிட்டு."

தவில்காரர் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, முப்பது வருசமா கல்யாண வீட்ல உக்காந்திருக்கேன். நலுங்குலருந்து மறுவீடு வரைக்கும் எத்தனையோ புளுகு கேட்ருக்கேன். பனைமரத்தடியில இதுவரைக்கும் யாரும் எழுத்துப் பொறுக்குனதில்ல."

அதற்குள் திரையில் நூறு வந்துவிட்டது. மணி மூன்றரை. பேச்சியின் கை கார்டு ரீடர் பக்கம் போகவில்லை. கழுகுமலையிலும் நூறுதான் வந்தது.

"பயப்படாத பேச்சி. ஏத்துறது பெரிசில்ல, சரிபாக்குறதுதான் பெரிசு. அதுலதான் கொம்பையா நிக்கான்" என்று அவர் மார்பைத் தட்டிக்கொண்டார். "ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை உண்டு. அதுல ஒரு எழுத்து மாறுனாக்கூட ரேகை மாறிரும். கார்டுல இருக்க அசலோட ரேகையையும் டிஸ்க்குல இருக்க நகலோட ரேகையையும் எடுத்து என் ஸ்கிரிப்ட்டு ஒத்துப் பாக்கும். இப்ப அதுதான் ஓடுது. இருநூத்துப் பன்னெண்டு ஃபைலு. இது முடிஞ்சா நீ கண்ண மூடிக்கிட்டு அழிக்கலாம்."

"இதுவரைக்கும் எத்தன தடவ தப்பு காட்டிருக்கு அண்ணே?"

"தப்பா? ஒரு தடவ கூட காட்டுனதில்ல! பத்து வருசமா ஒரு தடவ கூட!"

இதைக் கேட்டதும் தவில்காரரே மெச்சித் தலையாட்டினார். பேச்சிக்கு மட்டும் என்னவோபோல் இருந்தது. பத்து வருஷம் சாம்பார் ருசி பார்க்கிறவர் ஒரு நாளாவது உப்பு குறைச்சல் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

கொம்பையா லேப்டாப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஒரு ஜமீன் கல்யாணத்தை ஆரம்பித்துவிட்டார். பதினாறு நாள் கல்யாணம், ஒன்பது கேமரா, யானை எடுப்பதற்கென்றே தனியாக ஒன்று. பேச்சியின் காது அங்கே இருந்தாலும் கண் விளக்குகளில் இருந்தது. கேமராக்காரியின் கண் அது. சின்ன விளக்கு அடிக்கிறதா அணைகிறதா என்று பார்த்துப் பழகிய கண். கார்டு ரீடரின் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் நீல விளக்கு அசையாமல் நின்றது. ஏற்றும்போது படபடத்த விளக்கு. படிப்பதற்கும் படபடக்கத்தானே வேண்டும்?

ஐந்து நிமிஷம் பார்த்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். அது அடிக்கவே இல்லை.

கார்டில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நான் அழிக்காதவரை எதுவும் போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்கிரிப்ட் டிஸ்க்கைப் படிப்பது உண்மையானால், டிஸ்க் இல்லை என்று திரையே சொல்லட்டும். டிஸ்க்கின் வயரைப் பிடித்து மெதுவாக உருவிவிட்டாள். லேப்டாப் டிங் என்று ஒரு சத்தம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் தன் பேச்சுக்குப் போட்டியாக எதுவும் சத்தம் போடக்கூடாதென்று கொம்பையா அதன் வாயை என்றைக்கோ அடைத்து வைத்திருந்தார். பேச்சி டிஸ்க்கை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். இசக்கி பார்த்துவிட்டார். என்ன என்று புருவத்தால் கேட்டார். சும்மா இருங்க என்று அவள் கையால் காட்டினாள்.

"காப்பி எம்புட்டு சுத்தம்ங்கீங்க?" கொம்பையாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "ஜமீன்ல அசல் ஒரு டிவியில ஓடுது, நகல் ஒரு டிவியில ஓடுது. ரெண்டையும் பாத்துட்டு மாப்பிள்ள வீட்டுக்காரவ குழம்பிட்டாவ. ரெண்டு கல்யாணம் நடந்திருக்குன்னு நினைச்சி ரெண்டு தடவ மறுவீடு கூப்பிட்டாவ! மாப்பிள்ளைக்கும் சந்தேகம் வந்துட்டு, நாம கட்டுனது எந்தப் பொண்ணைன்னு. கடைசியில என்னயத்தான் கூட்டிட்டுப் போயி கேட்டாவ. நான் ஸ்கிரிப்ட்ட ஓட்டிப் பாத்து, ரெண்டும் ஒரே பொண்ணுதான்னு எழுதிக் குடுத்தேன். அதுக்குப் பிறகுதான் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்தாவ."

"கல்யாண வீடியோ பாக்கதுக்குள்ள பிள்ள பள்ளிக்கூடம் போயிட்டா?" என்றார் தவில்காரர்.

"எடிட்டிங் முடிய அம்புட்டு நாளாச்சு. அத விடுங்க. இந்தா பாருங்க, இப்ப இந்த நிமிஷம் அந்த டிஸ்க்குல இருக்க ஒவ்வொரு எழுத்தையும் நம்ம ஸ்கிரிப்ட்டு தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு எழுத்து தப்ப முடியாது!"

மணி நாலரை. திரையில் பச்சை எழுத்தில் வந்து விழுந்தது: 'இருநூற்றுப் பன்னிரண்டும் சரி. அசலும் நகலும் ஒன்றே.' கொம்பையா திரும்பிப் பார்த்து, பாட்டு முடித்த பாகவதர் மாதிரி கையை விரித்தார். "பாத்தியா? அழி பேச்சி, அழி!"

பேச்சி முந்தானையை விலக்கி, வயர் தொங்கத் தொங்க டிஸ்க்கை எடுத்து விரித்த அவர் கையிலேயே வைத்தாள்.

இசக்கிதான் முதலில் வாயைத் திறந்தார். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்தவர் அல்லவா? "என்ன வே, கரண்ட் இல்லாம ஓடுன மாதிரியே டிஸ்க்கு இல்லாமலும் ஓடிட்டோ?"

"அது... ஒரு வாசனையிலயே கண்டுபிடிச்சிருக்கும்" என்றார் கொம்பையா. அவருக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

"ஸ்கிரிப்ட்டத் திறங்க அண்ணே" என்றாள் பேச்சி.

திறந்தார். உண்மையிலேயே பதினொரு வரிதான், அதில் பொய்யில்லை. பேச்சிக்குப் பைத்தான் தெரியாது. ஆனால் ஒரே சொல் இரண்டு இடத்தில் இருந்தால் அடையாளம் தெரியாதா? "இந்த வரியில என்ன போட்ருக்கு?"

"கார்டுல இருக்க ஃபைலோட ரேகை."

"அடுத்த வரி?"

"டிஸ்க்குல இருக்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். முதல் வரியை எழுதி, அதையே எடுத்து அடியில் ஒட்டி, கார்டு என்பதை டிஸ்க் என்று மாற்ற மறந்திருந்தார். பத்து வருஷமாக ஸ்கிரிப்ட் கார்டைக் கார்டோடு ஒப்பிட்டு, ஆகா அப்படியே இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறது.

பேச்சிக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபமில்லை. "நான் அழிச்சிருப்பேன் அண்ணே. நீங்க சொன்னத நம்பி அழிச்சிருப்பேன். பிறவு அந்தப் பொண்ணோட அம்மா வந்து நிப்பா, நான்தான் பதில் சொல்லணும். நீங்க பனைமரத்தடியில போயி பொறுக்கிட்டு வருவீங்களா?"

கொம்பையா இரண்டாவது வரிக்குப் போனார். ஒரு சொல்லை மாற்றினார். டிஸ்க்கைச் செருகி மறுபடியும் ஓட்டவிட்டார். இந்தத் தடவை நீல விளக்கும் சேர்ந்து படபடத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அறையில் யாரும் எதையும் அளக்கவில்லை. வாழைக்காய்க் குலையில் ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது என்று பேச்சி சொல்கிறாள். கொம்பையா இருக்கிற இடத்தில் ஈ சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஐந்தே முக்காலுக்குத் திரையில் வந்தது: இருநூற்றுப் பதினொன்று சரி. ஒன்று சரியில்லை. எது என்று சொல்லவும் வேண்டுமா? மூணாவது கார்டு, தாலிகட்டு.

"நீ வயரப் பிடுங்குனதால கெட்டிருக்கும்" என்று மெல்ல இழுத்தார் கொம்பையா.

"பிடுங்குனதால கெட்டுச்சோ, முன்னமே கெட்டுச்சோ, உங்க பழைய வரி ரெண்டுக்கும் சரின்னுதான சொல்லியிருக்கும்?"

அந்த ஒரு ஃபைலை மட்டும் கவளம் கவளமாக மறுபடி ஏற்றினார்கள். ரேகை ஒத்துப்போனது. பேச்சி அதோடு விடவில்லை. டிஸ்க்கில் இருந்த ஃபைலைத் திறந்து தன் கண்ணாலேயே பார்த்தாள். ஐயர் கையைக் காட்டுகிறார், கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை விழுகிறது, ஒரு முடிச்சு, நாத்தனார் போட்ட இரண்டு முடிச்சு, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கடைசிவரை நிற்காமல் ஓடியது. தவில்காரரும் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டார். பேச்சி மூச்சை விட்டாள். நாலு கார்டையும் கேமராவில் ஒவ்வொன்றாகப் போட்டு அவளே அழித்தாள். மணி ஐந்து ஐம்பத்தேழு.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பும்போது, பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டி தடுக்க உள்ளே ஓடிவந்தார். "காலையில எடுத்ததெல்லாம் பத்திரமா இருக்கா? அக்கா கேட்டுட்டு வரச் சொன்னா."

புதுக் காது ஒன்று கிடைத்ததும் கொம்பையாவுக்கு உயிர் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பத்திரமாவா? கேளுங்க அண்ணாச்சி. இந்தப் பிள்ளைக்கு ஒரு பரீட்ச வைப்போமேன்னு நான்தான் வேணும்னே ஸ்கிரிப்ட்டுல ஒரு சொல்ல மாத்தி வச்சேன். பத்து வருசமா மாத்தி வச்சிருக்கேன், ஒரு பய கண்டுபிடிக்கல. இது டிஸ்க்க உருவி மடியில ஒளிச்சி வச்சிட்டு. விடுவனா? சேலைக்குள்ள இருந்த டிஸ்க்க இங்கிருந்தே என் ஸ்கிரிப்ட்டு படிச்சிட்டு! படிச்சதோட விட்டுச்சா? தாலிகட்டுல மூணாவது முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்துச்சி, அதையும் இறுக்கிப் போட்டுருக்கு. பொண்ணு கழுத்துல போயி பாருங்க, காலையில இருந்தத விட இப்ப கெட்டியா இருக்கும்!"

தாய்மாமன் வாயைப் பிளந்தார். இசக்கியைப் பார்த்தார், தவில்காரரைப் பார்த்தார், கடைசியில் வாசலில் நின்ற பேச்சியைப் பார்த்து, "இவரு சொல்லுதெல்லாம் நெசமாம்மா?" என்று கேட்டார்.

"நெசந்தான் அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "அண்ணன் சொன்னத அண்ணன் சொன்னதோடயே வச்சி ஒத்துப் பாத்தாச்சு. ஒரு எழுத்து பிசகல."